முகம் வராத படங்கள்

"கழுவாதீங்க! ஐயோ, கழுவாதீங்க!" என்று கத்திக்கொண்டே குழாயடிக்கு ஓடுகிறார் புகைப்படக்காரர். அறுபத்து மூன்று வயது. கழுத்தில் கேமரா, தோளில் பை. இந்த ஓட்டம் அவர் உடம்புக்கு ஆகாது. ஆனால் அங்கே வண்டி பழுது பார்ப்பவர் சோப்பைக் கையில் எடுத்துவிட்டார். உங்கள் கையைப் படம் எடுக்க வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும், அவர் முதலில் போய் நிற்கிற இடம் குழாயடிதான். நாற்பது வருடமாக இவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறார்.

"முழுக்க கிரீஸா இருக்குண்ணே."

"அதுக்குத்தானே வந்தேன்."

"முகத்தை எடுங்கண்ணே. கையில என்ன இருக்கு?"

"முகத்துல மட்டும் என்ன இருக்கு? கேமராவைப் பாத்தா எல்லாரும் ஒரே மாதிரி பல்லைக் காட்டுறீங்க."

பழுது பார்ப்பவர் சிரித்துவிட்டார். சோப்பு பழையபடி டப்பாவுக்குள் போனது. நம்மவர் பையிலிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்து, பக்கத்திலிருந்த டயர் அடுக்கின் மேல் விரித்தார். "கையை இது மேல அதுபாட்டுக்கு வைங்க" என்றார். அதுபாட்டுக்கு வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே வைத்துப் பார்த்தால் தெரியும். முதலில் கை விறைக்கும். பிறகு ஒரு கை இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். சிலருக்கு ஒரு கருவியைக் கையில் கொடுத்தால்தான் மூச்சே வரும். இவர் அவசரப்படுத்துவதில்லை. வெயிலைப் பற்றிப் பேசுவார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், எந்த எண்ணெய் நல்லது என்று கேட்பார். எதிராளி தன் கையை மறக்கிற நேரத்தில் கிளிக் சத்தம் கேட்கும். ஒரே ஒரு படம்தான்.

பிழைப்புக்கு இவர் எடுப்பது பாஸ்போர்ட் அளவுப் படம். இரண்டு கடைகளுக்கு நடுவே நெருக்கித் தள்ளினாற்போல் ஒரு ஸ்டுடியோ. ஒரு முக்காலி, வெள்ளைத் திரை, தலைவாரிக்கொள்ள ஒரு கண்ணாடி, பல்லுப் போன ஒரு சீப்பு. கடைக்குப் பின்னால் இருட்டறை. மாடியில் வீடு. வாரத்தில் ஆறு நாள் முகம், திங்கட்கிழமை கை. முகத்துக்கு டிஜிட்டல் கேமரா, கைக்குப் பழைய பிலிம் கேமரா. அவரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போன நான், ஏன் இந்தப் பாகுபாடு என்று கேட்டேன். "டிஜிட்டல்னா உடனே காட்டுன்னுவாங்க. பாத்ததும் வெக்கம் வந்துரும். கழுவிட்டு வரேன், மறுபடி எடுன்னுவாங்க" என்றார்.

ஸ்டுடியோ சுவர் நிறையக் கைகள். இட்டிலிப்பானை மூடி அளவுக்கு அகன்ற கை உண்டு, குழந்தைக் கை போலச் சின்னது உண்டு. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "கைரேகை பாப்பீங்களா?" என்று உள்ளங்கையை நீட்டுவார்கள். முன்பெல்லாம் கோபம் வருமாம். இப்போது, "பாப்பேனே. நெறைய உழைப்பீங்கன்னு போட்டிருக்கு" என்று சொல்லி முக்காலியில் உட்காரவைத்துவிடுகிறார்.

படம் எடுத்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "காலையில எந்திரிச்சதும் எந்த விரல் முதல்ல வலிக்கும்?" யோசித்துப் பதில் சொன்னவரை நான் பார்க்கவில்லை. கட்டைவிரல், சுண்டுவிரல், மணிக்கட்டு என்று உடனே வந்து விழும். அதைப் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைப்பார். தொழில், பிரிண்ட் போட்ட தேதி, வலி. பெயர் மட்டும் கிடையாது. "பேரு முகத்துக்குத்தான் சார். கைக்கு எதுக்கு?" என்பார். எனக்கு அது கொஞ்சம் அலட்டலாகத்தான் பட்டது. அப்போது சொல்லவில்லை.

என் கையையும் எடுங்களேன் என்று ஒருநாள் நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "உங்க கையில ஒண்ணுமே இல்லையே சார்" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இருபத்தைந்து வருடமாகப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்கிற கை. மனுஷன் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம்.

தனியாக இருக்கிறார். மனைவி இல்லாமல் இல்லை. மருமகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் என்று மகனிடம் போனவர், அங்கேயே ஆறு வருடமாக இருக்கிறார். முதலில் பேரனுக்குப் பால் குடி மறக்கட்டும் என்றார்கள். பிறகு பள்ளியில் சேரட்டும் என்றார்கள். இப்போது பேத்தியும் வந்தாயிற்று. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. தினமும் பகல் ஒரு மணிக்கு வீடியோ அழைப்பு வரும். அந்தம்மா போனை எப்படிப் பிடிப்பாரோ, திரையில் பெரும்பாலும் கூரைதான் தெரியும்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்டீங்க?"

இந்த இடத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சமையலைக் கற்பனை செய்து சொல்வார். கூட்டு, பொரியல், துவையல் என்று இலை நிறைந்துவிடும். அவர் கையில் அப்போது பாதி கடித்த ரொட்டி இருக்கும். அந்தப் பக்கம் யாரோ குழந்தை அழும், கூரை ஆடும், அழைப்பு முடியும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவரோடு பேச முடியாது. எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார்.

"உங்க வீட்டம்மா கையை எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

"கேட்டேன் ஒரு தடவை. நான் என்ன வேலைக்கா போறேன், எங்கையை எடுக்கன்னுட்டா" என்றவர், எழுந்து போய், நேராக இருந்த ஒரு படத்தை இன்னும் நேராக்கினார்.

அவர் நேராக்கிய படம்தான் எனக்கு அந்தச் சுவரிலேயே பிடித்தது. மர அறுவை மில் தொழிலாளி ஒருவரின் இரண்டு கைகள். பருத்த கணுக்கள், நகக்கண்ணில் மரத்தூள். வலது கை மோதிர விரலில் பாதிக்கு மேல் இல்லை. மற்ற விரல்கள் அந்தக் குறை விரலைச் சூழ்ந்து கொஞ்சம் வளைந்திருந்தன. என் கட்டுரையோடு இந்தப் படத்தைத்தான் போட வேண்டும், அதுவும் முழுப் பக்கத்துக்கு என்று பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லி வைத்துவிட்டேன். அவரும் சம்மதித்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, நான் ஸ்டுடியோவில் இருக்கும்போதே ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயது இருக்கும். படம் எடுக்க வந்தவர் மாதிரி தெரியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டு, உள்ளே வரலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

"எங்க வீட்டுக்காரர் கையை நீங்க போட்டோ எடுத்தீங்களாமே அண்ணா? மில்லுல சொன்னாங்க. போன மாசம் அவர் தவறிட்டார்."

நம்மவர் முக்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்தார்.

"வீட்டுல அவர் போட்டோ ஏழெட்டு இருக்கு. ஒண்ணுலகூட அந்தக் கை இல்லண்ணா. விரல் போனதுலேருந்து யார் முன்னாடியும் காட்ட மாட்டார். போட்டோன்னா பாக்கெட்டுக்குள்ள விட்டுக்குவார், இல்ல என் முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்குவார். சாப்பிடுறப்பகூட மேசைக்குக் கீழதான் இருக்கும். உங்ககிட்ட காட்டுனார்னு சொன்னதும் எனக்கு நம்பிக்கையே வரல. இருந்தா ஒண்ணு குடுங்க. நான் என் தங்கச்சி வீட்டோட போறேன். சனிக்கிழமை காலி பண்றோம்."

நம்மவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் கையைத் தேடி வந்த முதல் ஆள் இவர்தான். சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றி, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து நீட்டினார். அந்தம்மா வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"இவர் இல்லண்ணா. இவங்களுக்கு வலது கை. எங்க வீட்டுக்காரருக்கு இடது கையில போச்சு."

"நல்லாப் பாருங்கம்மா."

"இருபத்தெட்டு வருஷம் கூட இருந்திருக்கேண்ணா. எனக்குத் தெரியாதா?"

நம்மவர் பெட்டிகளை இறக்கினார். ஒவ்வொரு படமாகத் தரையில் பரப்பினார். சலவைக்காரர், தச்சர், கொத்தனார், முடிதிருத்துபவர், தையற்காரர். மர மில் வேறு எதுவும் இல்லை. பெயர் எழுதிவைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். தேடத் தேடக் காது சிவந்துகொண்டே வந்தது.

"பரவால்லண்ணா. யாரோ தப்பா சொல்லியிருக்காங்க. அவராவது, காட்டுறதாவது" என்று அந்தம்மா எழுந்தார். ஏமாற்றத்தோடு கொஞ்சம் நிம்மதியும் அதில் கலந்திருந்தது போலத் தோன்றியது. தன்னிடம் மறைத்ததை வேறு ஒருவரிடம் காட்டவில்லை என்ற நிம்மதி. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் உள்ளூர ஒரு நிம்மதி வந்தது. முழுப் பக்கப் படம் தப்பித்ததே என்று. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், கொஞ்சம் உடனே வாங்க" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. போனேன். கடையின் கதவு பாதி சாத்தியிருந்தது. மேசைமேல் அந்த மர மில் படம், சட்டம் கழற்றிக் கிடந்தது. பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, படத்தின் ஓரத்தைக் காட்டினார். கறுப்புத் துணியின் விளிம்பில் அளவு நாடா ஒன்று கிடந்தது. அந்தத் தொழிலாளி இடுப்பிலிருந்து கழற்றி வைத்ததாக இருக்கும். மங்கலாக எண்கள் தெரிந்தன. நாலு திரும்பி நின்றது. ஏழும் அப்படியே.

"புரியுதா சார்? நெகட்டிவ்வுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். மங்கல் பக்கம் கீழ பாத்து வைக்கணும். நான் மாத்தி வெச்சுட்டேன். கண்ணாடியில பாக்குற மாதிரி எல்லாம் இடம் வலமாத் திரும்பிருச்சு. இடது கைதான் வலது கையாத் தெரியுது."

"அப்போ அந்தம்மா வீட்டுக்காரர்தானா?"

"அவரேதான். ஆறு வருஷமா தெனம் பாக்குறேன். விரலைத்தான் பாத்தேன், நாடாவைப் பாக்கல."

படத்தைத் திருப்பிப் போட்டார். பின்பக்கத்தில் பென்சில் எழுத்து. மர மில். மார்ச் 9. இல்லாத விரல்.

நான் கடைசி வரியில் நின்றுவிட்டேன். அவர் விரல் நடு வரியிலிருந்த தேதியின் மேல் இருந்தது. அவர் மனைவி மகனிடம் போக விமானம் ஏறியது அந்த மார்ச் ஏழாம் தேதி. "அந்த வாரம் மாடிக்குப் போகவே பிடிக்கல சார். இருட்டறையிலயே கெடந்தேன். பிரிண்ட் போட்டுக்கிட்டே இருந்தேன். கைதான் வேலை செஞ்சுது. நான் அங்க இல்ல."

பிறகு மேசையின் மறுபக்கத்தைக் காட்டினார். அந்த ஒரு வாரத்தில் போட்ட பதினான்கு படங்களையும் எடுத்து வைத்திருந்தார். முடிதிருத்துபவர் இடது கையில் கத்தரிக்கோல் பிடித்திருந்தார். தையற்காரர் இடது கையில் ஊசி. உணவுக்கூடத்தில் காய் நறுக்குகிற அம்மாள், இடது கையில் கத்தி. பதினான்கும் திரும்பிய படங்கள். "ஒரே வாரத்துல எங்கேருந்துடா இத்தனை எடதுகைக்காரங்கன்னு ஒருநாளாவது தோணியிருக்கணுமில்ல?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. மனைவி போனதை யாரிடமும் சொல்லி அழாத மனிதர். அழுகைக்குப் பதிலாகப் பதினான்கு படங்கள் ஆறு வருடமாகச் சுவரில் தொங்கியிருக்கின்றன. அதைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். என் தொழிலும் உற்றுப் பார்ப்பதுதான் என்று வெளியே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரியாகப் போட்ட புதுப் படம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அது காய்ந்ததும், பழையதையும் புதியதையும் ஒரு உறையில் போட்டார். நெகட்டிவ் பட்டையையும் எடுத்துக்கொண்டார். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. இதைக் காட்டிடலாம்" என்றார். மில்லுக்குப் போனோம். கணக்கர் வழி சொன்னார். "வண்டி வந்து நிக்குது, சீக்கிரம் போங்க" என்றார். அந்த நேரத்தில் நம்மவர் சட்டைப் பையில் போன் அடித்தது. மணி ஒன்று. எடுத்து, "இன்னும் சாப்பிடல. அப்புறம் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு அறை வீடு. வாசலில் பாதி நிறைந்த லாரி. உள்ளே கட்டில் கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. படங்கள் மாட்டியிருந்த இடங்களில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது. அந்தம்மா சுருட்டிய மெத்தைமேல் உட்கார்ந்து ஒரு அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழப் போனார். நம்மவர் கைகாட்டி உட்காரச் சொன்னார். "தப்பு எம்மேலதாம்மா" என்று ஆரம்பித்து, நாடாவையும் நாலையும் ஏழையும் சொல்லி முடிப்பதற்குள் அந்தம்மா உறையிலிருந்து புதுப் படத்தை எடுத்துவிட்டார்.

"இதுதான்" என்றார். அவ்வளவுதான். பிறகு சுண்டுவிரல் நகத்தைத் தொட்டார். "இதை எப்பவும் கோணலாத்தான் வெட்டுவார்."

படத்தை மடியில் வைத்துக்கொண்டு நம்மவர் பக்கம் திரும்பினார்.

"எப்படிண்ணா காட்ட வெச்சீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. முகம் வராதுல்லன்னு ரெண்டு தடவை கேட்டார். வராதுங்கன்னேன். ரெண்டு கையையும் தூக்கி வெச்சுட்டார்."

"வேற ஏதாவது சொன்னாரா?"

நம்மவர் தயங்கினார். "காலையில எந்த விரல் முதல்ல வலிக்கும்னு கேட்டேன். இல்லாத விரல்தான்னார்."

அந்தம்மா படத்தில் அந்தக் குறை விரலைத் தொட்டார். "தெரியும். அந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டேதான் தூங்குவார். நான் பாக்கலைன்னு நெனச்சுக்குவார். நானும் பாக்காத மாதிரியே இருந்துட்டேன்" என்றார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "இதை வேற யாரெல்லாம் பாத்தாங்க?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். நம்மவருக்கு வரவில்லை. "ஆறு வருஷமா கடைச் சுவத்துல தொங்குச்சும்மா. வந்தவங்க போனவங்க எல்லாரும் பாத்தாங்க."

"எது? அந்த மாறி இருந்ததா?"

"ஆமாம்மா."

அந்தம்மா பழைய படத்தை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "அப்போ அவங்க பாத்தது வேற யாரையோ. நானே இவர் இல்லைன்னுட்டுத்தானே வந்தேன்!"

நம்மவரும் சிரித்தார். அன்றைக்கு முழுவதும் அவர் சிரிக்க முயன்றதில் அது ஒன்றுதான் சிரிப்பாக வந்தது. நான் மட்டும் மனதுக்குள், இந்தப் புதுப் படத்துக்கு நெகட்டிவ்விலிருந்து இன்னொரு பிரதி போட்டுத் தரச் சொல்லலாம், பக்கம் வீணாகாது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மெத்தையைத் தூக்கிப் போக இரண்டு சுமைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். அந்தம்மா எழுந்துகொண்டார். அவர்கள் குனிந்து மெத்தையைப் பிடிப்பதற்குள், படத்தைக் கை தெரியாமல் திருப்பி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவர்கள் வெளியே போகும்வரை அப்படியே நின்றார்.

நம்மவர் அதைப் பார்த்தார். பையைத் திறந்து நெகட்டிவ் பட்டையை எடுத்தார். ஆறு படம் கொண்ட பட்டை. தனித்தனியாக வெட்டினால் தொலைந்துபோகும் என்று, நாற்பது வருடத்தில் ஒன்றைக்கூட அவர் பிரித்ததில்லை. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கத்தரிக்கோல் இருக்காம்மா?" என்று கேட்டார்.

எல்லாம் கட்டியாகிவிட்டது. அந்தம்மா ஒரு பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, துணிகளுக்கு அடியில் துழாவி எடுத்துக் கொடுத்தார். நம்மவர் மங்கல் பக்கம் எது, பளபளப்பு எது என்று ஒருமுறை சாய்த்துப் பார்த்துக்கொண்டார். நடுவிலிருந்த ஒரு கட்டத்தை இரண்டு பக்கமும் வெட்டினார். தபால் தலை அளவிலிருந்த அந்தத் துண்டை ஓரத்தில் மட்டும் பிடித்து, அந்தம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.